வடசென்னையும் சக்கரங்களும் – 17: பனிமலைக்குப் போன எண்ணூர் வண்டி

1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி, பஞ்சாபைச் சேர்ந்தவரும் சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவருமான ரகுநந்தன் சரண், தம் புதல்வன் அசோக்கின் பெயரைச் சூட்டி, அசோக் மோட்டார்ஸ் என்னும் ஸ்தாபனத்தை நிறுவினார். காசிமேட்டிலிருந்து கடலை வலப்புறம் வைத்துக்கொண்டு திருவொற்றியூர் வழியே வடக்கே போனால் வரும் எண்ணூர்தான் அதன் தொழிற்சாலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் என்பதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அந்த ஸ்தாபனம் பிறந்து இரண்டு மாதம் நிறைவதற்கு முன்பே, நவம்பர் 1-ஆம் தேதி, பாரத தேசத்தின் வடகோடியில், 3,528 மீட்டர் உயரமுள்ள ஸோஜிலா கணவாயில், கொட்டிக் கிடந்த பனியினூடே இந்திய ராணுவத்தின் டாங்கிகள் ஏறி, எதிரியின் அரண்களைத் தகர்த்துக்கொண்டு அப்பால் இறங்கின. ஒன்றையொன்று அறியாத இவ்விரு சம்பவங்களையும் ஒரே ஆண்டின் கணக்கில் எழுதியதைத் தவிர சரித்திரம் அவற்றுக்கு அப்போது எந்த சம்பந்தமும் கற்பிக்கவில்லை. சம்பந்தம் பின்னால் வந்தது. அதைச் சொல்வதே இந்தப் பகுதியின் விஷயம்.

ஸோஜிலா சம்பவத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அதில் நம்மவர் பங்கு பெரிது, நம் பாடப் புத்தகங்களில் அதற்குக் கிடைத்த இடமோ மிகச் சிறிது. பாகிஸ்தானுடன் நடந்த காஷ்மீர் யுத்தத்தில், அந்த ஆண்டின் வசந்தத்திலேயே கார்கிலும் திராஸும் எதிரியின் வசமாகிவிட்டன. லடாக்கின் தலைநகரான லேவுக்குச் செல்லும் தரைவழி அறுந்துபோயிற்று. அந்த வழியின் கழுத்தாகிய ஸோஜிலாவைக் காலாட்படையைக் கொண்டு மீட்கச் செப்டம்பரில் செய்த முயற்சி பலிக்கவில்லை. அப்போது மேஜர் ஜெனரல் திம்மையாவுக்கு ஒரு யோசனை தோன்றிற்று: கோவேறு கழுதைகள் போகும் அந்த ஒற்றையடிப் பாதையில் டாங்கிகளை ஏற்றிவிட்டால் என்ன? ஏற்றுவதற்குப் பாதை வேண்டுமே! பால்தாலிலிருந்து கும்ரி வரையில் மலையின் விலாவைக் குடைந்து, பாறையை வெடிவைத்துத் தகர்த்து, டாங்கியின் அகலத்துக்கு வழி செய்து கொடுத்தவர்கள் மேஜர் தங்கராஜுவின் தலைமையில் உழைத்த மதராஸ் சாப்பர்ஸ் படையினர். ராணுவத்தார் இன்றும் ‘தம்பிகள்’ என்று செல்லமாக அழைக்கும் அந்தப் படையில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்கள் ஏராளம். அதற்கு முன் உறைபனி என்பதைக் கண்ணால்கூடக் கண்டிராதவர்கள் அவர்களில் மிகப் பலராகவே இருந்திருப்பார்கள்.

7-ஆவது லைட் காவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், மேல் பீரங்கிக் கூடு கழற்றப்பட்டு, இன்னதென்று ஒற்றர்களுக்குத் தெரியாதபடி மூடப்பட்டு, வழியிலுள்ள பலவீனமான பாலங்களுக்கு முட்டுக் கொடுக்கப்பட்டு, மிகுந்த ரகசியமாக ஜம்மு பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டன. அக்டோபர் கடைசியில் பனி கொட்டத் தொடங்கிப் பிரயாணத்தைத் தாமதப்படுத்தியது. ஆயினும் நவம்பர் முதல் நாளன்று, லெப்டினன்ட் கர்னல் ராஜிந்தர் சிங்கின் டாங்கிகள் கணவாயைக் கடந்தபோது, அத்தனை உயரத்தில் டாங்கியை எதிர்பார்த்திராத எதிரி திகைத்து ஓடினான். அந்த மாதம் முடிவதற்குள் திராஸும் கார்கிலும் திரும்பக் கிடைத்தன.

டாங்கி பனியில் ஏறியதன் சூட்சுமம் அதன் சக்கரங்களைச் சுற்றிக் கண்ணி கண்ணியாகக் கோத்த பட்டையில் இருக்கிறது. அது தன் பாதையைத் தானே விரித்துக்கொண்டு, பாரத்தை நீளமாகப் பரப்பிக்கொண்டு நடக்கிறது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் அந்த பாக்கியம் இல்லை. அவற்றின் ரப்பர்ச் சக்கரம் ஒவ்வொன்றும் சிறியதோர் இடத்திலேதான் தரையைத் தொடுகிறது. அந்தச் சிறு இடத்தில் ரப்பருக்கும் தரைக்கும் உள்ள உராய்வுதான் வண்டியின் சகல சாமர்த்தியத்துக்கும் ஆதாரம். ஓட்டும் சக்கரங்களின் மேல் 10 டன் பாரம் அழுந்துகிறது என்று வைத்துக்கொண்டால், உலர்ந்த தார்ச்சாலை ஏறத்தாழ 7 டன் அளவுக்குப் பிடி கொடுக்கும்; இறுகிய பனிக்கட்டியோ ஒரு டன்னுக்கு மேல் கொடுக்காது. குளிர் கடுமையாகுந்தோறும் வழுக்கல் அதிகமாகும் என்று நினைப்பது இயல்பு. நிஜம் அதற்கு மாறானது. உறைநிலையை ஒட்டி, மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்போதுதான் பனிக்கட்டி மிகவும் வழுக்கும். வெகுவாகக் குளிர்ந்து இறுகிய பனிக்கட்டியில் சக்கரம் ஓரளவு பற்றிக்கொள்ளும். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் உடைத்த ஐஸைச் சுமந்து போகும் மீன் லாரிகள் வழியெல்லாம் சொட்டிக்கொண்டு போகும் நீரில் இருசக்கர வண்டிக்காரர்கள் சறுக்கி விழுவதைப் பார்த்திருப்பவர்களுக்குப் படலத்தின் குணத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே மீனின் வழும்பும் கூடச் சேர்ந்துகொள்கிறது என்பது வேறு விஷயம்.

பிடி இழந்த சக்கரத்துக்குப் பிடி கொடுக்கும் வித்தையை மோட்டார் வண்டிக்கு முன்பே ரயில் வண்டி கற்றுக்கொண்டிருந்தது. 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் தென்னாட்டின் முதல் பிரயாணி ரயில் ஓடத் தொடங்கிய வரலாற்றை இத்தொடரின் ஆரம்பத்திலேயே கண்டோம். இரும்பின் மேல் இரும்பு உருளும் அந்த வாகனத்துக்கு, மழை நனைத்த தண்டவாளமே போதும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்வதற்கு. அதற்குக் கண்ட மாற்று, எஞ்சினில் ஒரு பெட்டி நிறைய உலர்ந்த மணலை வைத்துக்கொண்டு, வேண்டியபோது குழாய் வழியே சக்கரத்துக்கு முன்னால் தூவுவது. இங்கிலாந்தில் டெர்பி நகரத்து மிட்லண்ட் ரயில்வே தொழிற்சாலையில் இருந்த பிரான்சிஸ் ஹோல்ட் என்பவர் 1886-இல் நீராவியைக் கொண்டே அந்த மணலைச் சக்கரத்தின் அடியில் ஊதிச் செலுத்தும் முறையைக் கண்டுபிடித்தார். இன்றைக்கும் நம் டீசல், மின்சார எஞ்சின்களில் மணல் பெட்டி உண்டு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: டிரைவர் தம் இடத்தை விட்டு இறங்குவதில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, தேவைப்பட்ட கணத்தில் பிடி வருகிறது. தேவை தீர்ந்ததும் நின்றுவிடுகிறது.

மோட்டார் வண்டியில் இந்தச் சௌகரியம் வந்து சேர வெகுகாலம் பிடித்தது. முதலில் வந்தது கையால் கட்டும் சங்கிலிதான். அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர், சேற்றிலும் பனியிலும் சிக்கிய மோட்டார்க்காரர்கள் சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு தப்புவதைக் கண்டு, கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலியால் ஏணிபோல் ஒரு பின்னல் செய்து, 1904-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. அந்தச் சங்கிலியின் கீர்த்தி எவ்வளவு பரவிற்று என்றால், எந்தப் பூட்டையும் தளையையும் கழற்றிக்கொண்டு வெளிவரும் மாயவித்தைக்காரர் ஹூடினியை 1908-இல் மோட்டார்ச் சக்கரங்களோடு சேர்த்து இந்தச் சங்கிலிகளாலேயே பிணைத்து, முடிந்தால் விடுவித்துக்கொள் என்று கம்பெனிக்காரர்கள் சவால் விட்டார்கள், அவர் விடுவித்துக்கொண்டார். பனியில் அதே சங்கிலியைக் கழற்ற முயலும் சாமானிய டிரைவருக்கு அந்த சாமர்த்தியம் வாய்ப்பதில்லை.

எண்ணூருக்குத் திரும்புவோம். 1949-இல் அங்கே ஆஸ்டின் ஏ-40 கார்கள் பூட்டப்படலாயின. காரைக் காட்டிலும் லாரியும் பஸ்ஸுமே இந்தத் தேசத்துக்கு வேண்டியவை என்று கண்ட சரண், இங்கிலாந்தின் லேலண்ட் மோட்டார்ஸுடன் பேச்சு நடத்திவந்தார். விமான விபத்தில் அவர் அகால மரணம் அடைந்த பிறகு, மதராஸ் சர்க்காரின் ஆதரவோடு அந்த ஏற்பாடு முற்றுப்பெற்று, காமெட் லாரிகள் பூட்டப்பட்டு, 1955-இல் ஸ்தாபனம் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. அதே ஆண்டில், சற்றுத் தெற்கே திருவொற்றியூரில், ராணுவம் எல்லைக் காவலுக்கென்று விரும்பிய என்ஃபீல்டு புல்லட்டைச் செய்யும் கம்பெனியும் ஏற்பட்டது. அந்த மோட்டார் சைக்கிளுக்குத் தனியாக ஒரு பகுதி ஒதுக்கியிருப்பதால் இங்கே அதைத் தொட்டுவிட்டுப் போகிறேன்.

லாரிகள் கிடைத்தாலும், அவை போவதற்கு மலையில் சாலைகள் வேண்டும். 1960-ஆம் ஆண்டு மே மாதம் எல்லைச் சாலை ஸ்தாபனம் நிறுவப்பட்டது. ஸ்ரீநகரிலிருந்து ஸோஜிலா, திராஸ், கார்கில் வழியே லேவுக்குச் செல்லும் பாதை, 1962-ஆம் ஆண்டின் யுத்த காலத்துக்குள் மோட்டார் போகும் சாலையாயிற்று. அதன் பிறகு ஆண்டுதோறும், பனி உருகிக் கணவாய் திறப்பதற்கும் மறுபடி மூடுவதற்கும் இடைப்பட்ட மாதங்களில், ஓர் ஆண்டுக்கு வேண்டிய உணவும் எரிபொருளும் கனரக வண்டிகளில் லடாக்குக்கு ஏறுகின்றன. அந்த அணிவகுப்பில் எண்ணூர்க் கம்பெனியின் வண்டிகளும் சேர்ந்தன: 1970-இல் ராணுவத்துக்கு 1,000 ஹிப்போ டிப்பர்கள் கொடுக்கப்பட்டன, 1990-களின் பிற்பகுதியிலிருந்து, அந்தக் கம்பெனி வடிவமைத்து ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் பூட்டப்படும் ஸ்டாலியன் என்னும் நான்கு சக்கர உந்து லாரி, ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் ஜபல்பூரில் செய்யப்பட்ட சக்திமான் லாரியின் இடத்தைப் பிடித்தது. வெறும் சேசிஸில் மரப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, தலையில் முண்டாசும் கண்ணில் கண்ணாடியுமாய், எண்ணூரிலிருந்து வடதேசத்துக் கூண்டு கட்டும் பட்டறைகளுக்கு ஓட்டிச் செல்லும் நம்மூர் சேசிஸ் டிரைவர்களின் பிரயாணம் சமவெளியோடு முடிந்துவிடும். அவர்கள் ஒப்படைத்த வண்டிகளில் சிலவற்றின் பிரயாணம் அங்கிருந்துதான் மலைமேல் தொடங்கும்.

மலைமேல் நடப்பது இதுதான். குளிர்காலத்தில் தங்மார்கிலிருந்து குல்மார்குக்கோ, சோனமார்கிலிருந்து ஸோஜிலாவுக்கோ போக வேண்டுமானால், நான்கு சக்கர உந்து வண்டியாக இருக்க வேண்டும், அல்லது சக்கரத்தில் ஆன்டி ஸ்கிட் செயின் கட்டியிருக்க வேண்டும் என்று போலீஸார் வழிமறித்து நிற்கிறார்கள். கட்டுவது லாரி கிளீனரின் வேலை. உறைந்த தரையில் மண்டியிட்டு, ஏணிப் பின்னலைப் பின்சக்கரத்துக்கு முன்னால் விரித்து, வண்டியைச் சக்கரத்தின் ஒரு பாதிச் சுற்று முன்னே நகரச் சொல்லி, உட்புறக் கொக்கியைக் கை எட்டாத இடத்தில் தேடி மாட்டி, வெளிப்புறக் கொக்கியை இழுத்து இறுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடி இறங்கி இன்னொரு முறை இறுக்க வேண்டும். கையுறையோடு இந்த வேலை நடக்காது. கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். இரட்டைச் சக்கரம் பூட்டிய லாரியானால் சிரமமும் இரட்டை. பனி தீர்ந்து தார்ச்சாலை வந்ததும் கழற்றிவிட வேண்டும். இல்லையேல் சங்கிலி தேய்ந்து அறுந்து, அறுந்த நுனி வண்டியின் அடிப்பாகத்தை அடித்து நொறுக்கும். ஹிமாசலப் பிரதேசத்தின் அரசு பஸ்களிலும், குறிப்பாக லாஹௌல் பகுதியில் கேலாங் டிப்போவிலிருந்து புறப்படும் பஸ்களில், டிரைவரும் கண்டக்டரும் சேர்ந்து, பிரயாணிகள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க, இதே உபாசனையைச் செய்கிறார்கள்.

ரயில் டிரைவரின் மணல் பெட்டிக்கு நிகரான ஒன்றை மோட்டார் வண்டிக்குச் செய்துகொடுத்தவர்கள் ஸ்வீடன் தேசத்தார். 1970-களின் பிற்பகுதியில் ஆன்ஸ்பாட் என்ற பெயரில் அங்கே தானியங்கிப் பனிச்சங்கிலி பரவத் தொடங்கியது. ஜெர்மனியில் ஆலன் நகரத்தில் நூற்றாண்டு கடந்த சங்கிலித் தொழில் நடத்தும் ரூட் கம்பெனியும் ரோட்டோகிரிப் என்ற பெயரில் அதே தத்துவத்தில் ஒன்றைச் செய்தது. ஓட்டும் அச்சின் இரு பக்கத்திலும், உட்புறச் சக்கரத்துக்கு அருகே, ஒரு கையும் அதன் நுனியில் ரப்பர் விளிம்புள்ள சிறு சக்கரமும் மடங்கித் தொங்கிக்கொண்டிருக்கும். டிரைவர் தம் முன்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினால், ஏர் பிரேக்கின் தொட்டியிலிருந்து அழுத்தக் காற்று பாய்ந்து அந்தக் கையைக் கீழே தள்ளும். சிறு சக்கரம் டயரின் உட்பக்கத்தை உரசி, அதனோடு தானும் சுழலும். அதில் தொங்கும் ஆறு துண்டுச் சங்கிலிகளோ, அதைவிடக் கூடுதலானவையோ, திருவொற்றியூர்த் திருவிழாவின் குடை ராட்டினத்தில் நாற்காலிகள் சுழற்சியின் வேகத்தில் வெளிப்புறம் விரிந்து பறப்பதுபோல் விரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக டயருக்கும் பனிக்கும் நடுவே விழும். எந்தக் கணத்திலும் ஒன்றிரண்டு சங்கிலியாவது சக்கரத்தின் அடியில் மிதிபட்டுக்கொண்டிருக்கும். முன்னே போனாலும் பின்னே வந்தாலும் வேலை செய்யும். பொத்தானை விட்டால் வில்சுருள் கையைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். வண்டி நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், அதுவும் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மிகாமல்; அசையாமல் நிற்கும் சக்கரத்தில் சுழற்சி ஏது, சங்கிலி விரிவது ஏது? ஆகவே, சிக்கிக்கொண்ட பிறகு பொத்தானைத் தேடுகிறவனுக்கு இது உதவாது. வழுக்கப்போகிற இடத்தை முன்கூட்டி அறிகிறவனுக்கே உதவும்.

அமெரிக்காவிலும் வடஐரோப்பாவிலும் தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ், பள்ளிக்கூட பஸ் ஆகியவற்றில் இது சாதாரணமாகிவிட்டது. நம் தேசத்துப் பனிப்பாதைகளில் மட்டும் கையால் கட்டும் சங்கிலிதான் ஆட்சி செய்கிறது. இதைக் கண்டு, நாம் பின்தங்கியவர்கள் என்று பெருமூச்சு விடுவதற்குப் பலர் தயாராக இருப்பார்கள். அந்தப் பெருமூச்சு எனக்கு உடன்பாடில்லை. அழுத்தக் காற்று இல்லையா நம்மிடம்? 1962-இல் ஏற்பட்ட சுந்தரம் கிளேட்டன் கம்பெனி சென்னையிலேயே, பாடியில், ஏர் பிரேக் உபகரணங்களைச் செய்தது. எண்ணூர் லாரிகளிலே காற்றுத் தொட்டி இருக்கிறது. கருவியின் மீதிப் பாகமெல்லாம் ஒரு நல்ல பட்டறைக்கு எட்டாத மர்மமல்ல. காரணம் வேறு.

தானியங்கிச் சங்கிலி மெல்லிய பனிக்கு ஏற்பட்டது. ஏறத்தாழ அரை அடி ஆழத்துக்கு மேல் பனி இருந்தால், துண்டுச் சங்கிலிகள் விரிய இடமில்லாமல் பனியிலே அடங்கிப்போகும். அது பனியும் வெறுந்தரையும் மாறி மாறி வரும் சாலைக்கு ஏற்பட்டது. நகராட்சி பெருக்கிவிட்ட தெரு, அதையடுத்துப் பெருக்காத சந்து, பிறகு மறுபடி உலர்ந்த சாலை, இப்படி ஒரே பிரயாணத்தில் பத்து முறை பிடி வேண்டியும் வேண்டாமலும் போகிற இடத்தில்தான், பொத்தான் ஒன்றால் போட்டு எடுக்கும் வசதிக்கு மதிப்பு. ஸோஜிலாவின் ஏற்றத்திலோ, பழைய ரோத்தாங்கின் 3,978 மீட்டர் உச்சியிலோ நிலைமை அப்படியன்று. அடிவாரத்தில் ஒருமுறை கட்டினால், கணவாய் முழுவதும் கழற்றவே வேண்டாம். பனி ஆழமானது, இடையறாதது, அடியிலே கல்லும் பள்ளமும் நிறைந்தது. அச்சுக்குக் கீழே தொங்கும் நுட்பமான கையை அந்தக் கற்கள் எத்தனை நாள் விட்டுவைக்கும்? சக்கரத்தை முழுதாகச் சுற்றி இறுக்கிய ஏணிச் சங்கிலி அங்கே முரட்டுத்தனமாயினும் விவேகமான உபகரணம். இதோடு பொருளாதாரமும் சேர்ந்துகொள்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை: கிளீனரின் விரலுக்கு நம் தேசத்தில் விலை குறைவு, கருவியின் விலை அதிகம். முதல் காரணம் இயற்கையின் நியாயம். இரண்டாவது நம்முடைய நியாயம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் சாலைகள் மாறுகின்றன. ரோத்தாங்கின் அடியில் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கம் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்டதும், ஏறத்தாழ 4,000 மீட்டர் ஏறி இறங்கிய பாதை 3,000 மீட்டர் உயரத்தோடு நின்றுவிட்டது. மாதக்கணக்கில் மூடிக் கிடந்த லாஹௌலுக்குக் குளிர்காலத்திலும் வண்டிகள் போகின்றன. சுரங்கத்தினுள் உலர்ந்த தரை, வாயிலில் உறைந்த தளம், எல்லைச் சாலை ஸ்தாபனத்தார் பனியை ஒதுக்கிவிட்ட இடத்தில் தார், மலையின் நிழல் விழும் வளைவில் மறுபடி கண்ணாடிப் பனி என்று அந்தப் பாதையின் குணமே இப்போது வேறாகிவிட்டது. ஸோஜிலாவின் அடியிலும் சுரங்கம் தோண்டப்பட்டு வருகிறது. மேலேயிருந்த ஆழ்ந்த பனிக்கு ஏணிச் சங்கிலி எவ்வளவு பொருத்தமோ, சுரங்க வாயிலின் விட்டு விட்டு வரும் மெல்லிய பனிக்குப் பொத்தான் சங்கிலி அவ்வளவு பொருத்தம். சிம்லாவின் நகர பஸ்களுக்கும், காலைநேரத்துப் பனிப்படலத்தில் வேகமாகப் போயே ஆகவேண்டிய மலையூர்களின் தீயணைப்பு வண்டிகளுக்கும், ஆம்புலன்ஸுகளுக்கும் சுரங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அங்கே முதலிலிருந்தே இதுதான் சரியான உபகரணம். லட்சக்கணக்கில் விற்கும் சாமான் அல்லவாதலால் பெரிய கம்பெனிகள் தாமாக இதில் இறங்க மாட்டா. வாங்குகிற அரசாங்கங்கள் டெண்டரிலே ஒரு வரி சேர்த்தால், அம்பத்தூரிலோ பாடியிலோ ஒரு சிறு தொழிற்சாலைக்கு வேலை கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சங்கிலியைப் பற்றி இவ்வளவும் சொன்னபோது, அது அணைத்துக்கொள்ளும் டயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகளுக்கு ரப்பர் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மென் மாப்பிள்ளை, 1952-இல் பழைய டயருக்கு ஒட்டும் ட்ரெட் ரப்பரில் இறங்கி, 1960-களில் அமெரிக்காவுக்கே டயர் அனுப்பும் நிலைக்கு வந்த கதை நீளமானது. அதை அடுத்த பகுதியில் தொடங்குவோம்.